ஒன்றரை முழம்

லென்ஸ் வாங்க வருகிறவர்கள் கேமராவோடு வருவார்கள். விவரம் தெரிந்த மச்சினனைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். இஞ்ச் டேப்போடு வந்த ஆளை என் தொழிலில் அன்றைக்குத்தான் பார்த்தேன். தையல்காரர் கழுத்தில் தொங்கவிடுகிற டேப். அதைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தான் ஸ்டுடியோக்காரன்.

எதிர்க்கடைக்காரன்தான். நான் கேமரா பழுது பார்க்கிறவன். பழைய லென்ஸ்களை வாங்கி, பூஞ்சை துடைத்து, திருகு முடுக்கி, திரும்ப விற்பேன். என் மேஜைக்கும் அவன் ஸ்டுடியோவின் உள்ளறை ஜன்னலுக்கும் நடுவில் ஒரு சைக்கிள் மட்டும் போகிற சந்து. அங்கே தும்மினால் நான் நிமிர்ந்து பார்ப்பேன். அவன் மனைவி என்னை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தாள். அதனால் அவன் எனக்கு மாப்ள ஆனான், நான் அவனுக்கு மச்சான் ஆனேன். ரத்த சம்பந்தம் எதுவும் கிடையாது. சந்து கொடுத்த சொந்தம்.

"மச்சான், கிட்டக்க எடுக்குற லென்ஸ் வேணும்" என்றான்.

"எதை எடுக்கப்போற?"

"பல்லு."

"யாரு பல்லு?"

"வேற யாரு பல்லு? அந்தப் பல்காரன் பண்ற பல்லு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டு நாலு நாள் ஆகியிருந்தது. அவன் குடையை மடக்கக்கூடச் செய்யாமல் கடைக்குள்ளேயே விரித்துப் பிடித்தபடி நின்றான். நான் சொன்ன பிறகுதான் மடக்கினான்.

பல்காரர் என்பது நாலு கடை தள்ளிப் பட்டறை வைத்திருப்பவர். பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், அதற்கேற்றபடி இவர் பல் செய்து கொடுப்பார். பீங்கான் பொடியைத் தண்ணீரில் குழைத்து, மெல்லிய தூரிகையால் பூச்சின் மேல் பூச்சாக ஏற்றி, தேங்காய் அளவு இருக்கிற உலையில் சுட்டெடுப்பார். பல் என்றால் ஒரே வெள்ளை இல்லை, ஈறுப் பக்கம் மஞ்சள், நடுவில் பால், நுனியில் வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி லேசான நீலம் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இவ்வளவு தெரிந்த மனிதரின் வாயில் இரண்டு சொத்தைப் பல். தனக்குச் செய்துகொள்ள நேரமில்லை என்பார்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரி அவருடைய வேலையைப் படமாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தது. முன்பற்கள் ஆறு, ஒவ்வொன்றும் தனித்தனியாக, நுனியில் வெளிச்சம் ஊடுருவுவது தெரிகிற மாதிரி. வெள்ளிக்கிழமை காலைக்குள். அதற்காகத்தான் அவர் ஸ்டுடியோவுக்கு வந்தார். மாப்ள தன்னிடம் இருந்த கல்யாண லென்ஸை வைத்து எடுத்தான். பல் ஒரு சோற்றுப் பருக்கை மாதிரி விழுந்தது. கிட்டே போனால் புகையாகப் போனது. "இதுக்கு மேல கிட்ட எடுக்க முடியாதுங்க. இதெல்லாம் எடுக்குற சாமானே இல்ல" என்று சொல்லிவிட்டான்.

பல்காரர் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தபோது உள்ளேயிருந்து மாப்ளையின் மனைவி வந்தாள். பதினாறு வருஷமாக அந்த ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படங்களை வெட்டுகிறவள், முகத்தில் பருவை அழிக்கிறவள், வாடிக்கையாளர்களுக்குப் போட்டுவிடுகிற பொதுக் கோட்டை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டுகிறவள். கேமராவைத் தொட்டதை யாரும் பார்த்ததில்லை. ஒரு பழைய சின்ன லென்ஸை எடுத்து, முன்பின்னாகத் திருப்பி, கேமராவின் வாயில் இடது கையாலேயே அழுத்திப் பிடித்து, குனிந்து ஒரு படம் எடுத்தாள். ஒற்றைப் பல் திரை முழுக்க நின்றது. தூரிகை இழுத்த கோடு தெரிந்தது. பல்காரர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"இது எப்படிம்மா? நீங்களே கண்டுபிடிச்சதா?" என்று கேட்டாராம். அவள் சிரித்தாளே தவிர பதில் சொல்லவில்லை. அது என் வித்தை. பூஞ்சை பார்க்க நான் லென்ஸைத் தலைகீழாகக் கண்ணில் வைப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டவள். என் பெயரைச் சொல்லியிருக்கலாம். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் என்னுடையது சுருக்கோடு போய்விட்டது. மாப்ளைக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

"சரி, லென்ஸு வாங்கிக் கொடுக்கப்போற. நல்ல விஷயம்தானே. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றேன்.

"மச்சான், அவ ஒரு கையில லென்ஸப் பிடிச்சுக்கிறா. இன்னொரு கையில பட்டன அமுக்குறா. அப்ப பல்லை யாரு பிடிக்கிறது?"

"யாரு?"

"அவன்தான். பல்லை ஒரு குச்சியில மெழுகு வெச்சு ஒட்டி, அந்தரத்துல பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். பல்லு லென்ஸுக்கு ரெண்டு விரல் தூரத்துல இருக்கணும். அவ தலை இங்க. அவன் தலை இங்க." இரண்டு முஷ்டிகளையும் ஒட்டிவைத்துக் காட்டினான். "என்னைத் தம்பிங்கிறான். அவள மேடம்ங்கிறான். என் வீட்டுக்குள்ள வந்து, என் பொண்டாட்டிக்கு நான் தம்பியாயிட்டேன்."

"வேலை மாப்ள அது."

"வேலைதான். நேத்து டீ குடிக்கறப்ப ரொட்டி வெச்சா. அவனுக்கு மட்டும் ஓரத்த வெட்டிட்டு வெச்சா, மச்சான். பதினாறு வருஷத்துல எனக்கு ஒரு நாள் ஓரம் வெட்டிருக்காளா?"

"உனக்குத்தான் பல்லு நல்லா இருக்கே."

அவன் முறைத்தான். விளையாட்டாகச் சொன்னதுதான், ஆனால் அவன் முகத்தைப் பார்த்தபோது பாவமாக இருந்தது. இன்னொரு ஆண்பிள்ளை மேல் சந்தேகம் என்று சொல்லிக்கொள்வது அவனுக்குச் சுலபமாக இருந்தது. தன்னால் முடியாது என்று கைகழுவியதை அவள் ஒரு நிமிஷத்தில் எடுத்துக் காட்டிவிட்டாள் என்பதை எப்படிச் சொல்வான்?

நான் கிட்டே எடுக்கிற மேக்ரோ லென்ஸ்கள் மூன்றைக் கறுப்புத் துணியின் மேல் வைத்தேன். அறுபது, நூறு, நூற்றியெண்பது மில்லிமீட்டர். பல் இல்லாததால் ஒரு சின்னத் திருகாணியை நிறுத்திவைத்தேன்.

"இந்தச் சின்னது கைக்கு அடக்கமா இருக்கும். திருகாணிக்கு நாலு விரல் தூரத்துல போய் நிக்கும். வீட்டுக்குள்ள எடுக்கும்போது லென்ஸோட நிழலே பொருள் மேல விழும். லைட்டப் பக்கவாட்டுல வெச்சா சரியாயிடும். நடுவுல இருக்கறது ஒரு சாண் தள்ளி நிக்கும், பொதுவா எல்லாரும் இதத்தான் வாங்குவாங்க."

அவன் டேப்பை எடுத்தான். சின்ன லென்ஸின் முனையிலிருந்து திருகாணி வரைக்கும் அளந்தான். அப்புறம் கேமராவின் பின்புறத்திலிருந்து அளந்தான். அப்புறம் குனிந்து, தன் மூக்கிலிருந்து அளந்தான்.

"நாலு விரல்னா பழைய கதைதான். இந்த நீளமானது?"

"அது உள்ளறைக்கு ரொம்பப் பெரிசு மாப்ள. கனம் வேற. ஸ்டாண்டு இல்லாம முடியாது. ஒத்தைப் பல்லை எடுக்கணும்னா எடுக்கறவ கண்ணுக்கும் பல்லுக்கும் ஒரு முழத்துக்கு மேல வேணும். கொஞ்சம் காத்தோட்டமா எடுத்தா ஒன்றரை முழம்."

"ஒன்றரை முழமா?"

அவன் முகத்தில் அன்றைக்கு முதல்தடவையாக வெளிச்சம் வந்தது. டேப்பைப் பிடித்துப் பார்த்தான். ஒரு முனையில் அவள் தலையையும் மறுமுனையில் பல்காரர் தலையையும் மனதுக்குள் வைத்துப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரிந்தது.

எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. சரியான லென்ஸ் கேமராவில் மாட்டிவிட்டால் அதைக் கையால் பிடிக்க வேண்டியதில்லை. அவளுடைய இடது கை சும்மா இருக்கும். சின்ன லென்ஸ் என்றால் நாலு விரல் தூரத்தில் இருக்கிற பல்லை அந்தக் கையாலேயே பிடித்துக்கொண்டு, வலது கையால் பட்டனை அமுக்கி, தன்னந்தனியாக எடுத்துவிடலாம். பல்காரர் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விடலாம். நீளமானதில் கண் கேமராவில் இருக்கும்போது கை பல்லுக்கு எட்டாது. எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்தே ஆகவேண்டும்.

இதை நான் சொல்லவில்லை. அவன் கேட்கவில்லை என்று பின்னால் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் அந்த நீள லென்ஸ் மூன்று வருஷமாக என் அலமாரியை அடைத்துக்கொண்டு கிடந்தது. மழைக்காலம் வந்தால் அதற்கு மட்டும் இரண்டு தடவை பூஞ்சை எடுக்க வேண்டியிருந்தது. துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டேன்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் மழை விடவில்லை. புதன்கிழமை மத்தியானம் ஜன்னலிலிருந்து அவள் கூப்பிட்டாள். "அண்ணே, லென்ஸு கனத்துல கேமரா முன்னாடி சாயுது. கொஞ்சம் வந்து பாருங்களேன்." ஒரு தாங்கு வளையத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

உள்ளறையில் நீள மேஜையைக் குறுக்கே போட்டிருந்தார்கள். ஒரு முனையில் ஸ்டாண்டில் கேமரா, அதன் பின்னால் அவள். மறுமுனையில் ஒரு நாற்காலி. அதில் பல்காரர். முழங்கை இரண்டையும் மேஜையில் ஊன்றி, குச்சியில் ஒட்டிய பல்லை விளக்குக்கு முன்னால் பிடித்துக்கொண்டிருந்தார். தலைகள் தூரமாகத்தான் இருந்தன, மாப்ள அளந்ததில் ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை. ஆனால் முன்பு இரண்டு பேரும் பல்லைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று தெரிய வேண்டாமா?

"ஒரு நூல் உங்க பக்கம். இல்ல, திருப்பாதீங்க, சாயுங்க. ம். இன்னும் கொஞ்சம். அங்கயே. இப்ப மூச்சு விடாதீங்க."

அவர் மூச்சை நிறுத்தினார். அவளும் நிறுத்தினாள். மழை இருட்டில் வெளிச்சம் போதாமல் ஷட்டர் நிதானமாகத் திறந்து மூடியது. இரண்டு பேரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள்.

"கிளிப்பு ஒண்ணு வெச்சுப் பிடிக்கலாமே?" என்று கேட்டேன்.

"வெச்சுப் பாத்தோம்ணே. ஒரு மயிரிழை திருப்பணும்னா எழுந்து போகணும், திரும்பி வந்து பாத்தா அது வேற எங்கயோ இருக்கும். இவருக்குன்னா சொன்னாப் புரியுது."

முன்னறையில் மாப்ள யாரையோ கோட்டு மாட்டி உட்கார வைத்திருந்தான். "தாடைய இறக்குங்க, நேரா பாருங்க" என்று அவன் சொல்வது கேட்டது. உள்ளேயிருந்து "மூச்சு விடாதீங்க" என்று இவள் குரல் போனபோது அங்கே பேச்சு நின்றது. முன்னறையில் ஃபிளாஷ் அடிக்க ரொம்ப நேரம் ஆனது.

கொஞ்ச நேரத்தில் மாப்ள என் கடையில் வந்து நின்றான். குடைகூட எடுத்துவரவில்லை. தலை சொட்டச் சொட்ட இருந்தது.

"ஏன் மச்சான் சொல்லல?"

"என்னத்த?"

"எதிர்ல ஆள் உக்காரணும்னு."

"நீ தூரத்தக் கேட்ட. நான் தூரத்தச் சொன்னேன்."

"அவன் பட்டறைய மூடிட்டு வந்து உக்காந்திருக்கான். முன்னாடி பத்து நிமிஷம் வந்துட்டுப் போவான். இப்ப காலையில வர்றான், சாயங்காலம் போறான். வெச்ச கண்ணு வாங்காம பாக்குறான்."

"அவ கேமராவத்தானே பாக்குறா."

"எனக்குத் தெரியும், அவ எதப் பாக்குறான்னு." துடைக்கக் கொடுத்த துணியை வாங்கி முகத்தை அழுத்தித் துடைத்தான். "கல்யாணமான புதுசுல நானும் கேமரா கத்துக்கொடுக்கறேன்னேன். வேணாம்னா. ஒரு வேளை நான்தான் வேணாம்னேனோ என்னமோ, ஞாபகம் இல்ல. நாளைக்கு அந்த நாற்காலியில நான் உக்காருறேன்."

"கை ஆடாம பிடிக்கணும் மாப்ள."

"வர்றவங்கள ஆடாம உக்கார வெக்கிறதுதான் இருபது வருஷமா என் பொழப்பு."

வியாழக்கிழமை காலையில் அவனே பல்காரரிடம் போய், நீங்கள் பட்டறையைப் பாருங்கள், மிச்சம் இரண்டு பல்தானே, நாங்களே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம் என்று டப்பாவை வாங்கி வந்துவிட்டான். தாங்கு வளையத்தில் ஒரு திருகு நழுவுகிறது என்று என்னையும் கூப்பிட்டான். திருகு நன்றாகத்தான் இருந்தது. சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறான்.

அவள் உள்ளே வந்தாள். நாற்காலியில் அவனைப் பார்த்துவிட்டு, கேமராவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

"மேல தூக்குங்க. கொஞ்சம். அது ரொம்ப."

"நீதானே தூக்கச் சொன்ன?"

"கொஞ்சம்னேன். இடது பக்கம் ஒரு நூல்."

"யாரு இடது? உனக்கா, எனக்கா?"

"ஒளி பல்லுக்குள்ள போகணும்ங்க. பல்லப் பாருங்க, என்னைப் பாக்காதீங்க."

அவனால் முடியவில்லை. அவள் புருவம் சுருங்குவதையும், உதட்டைக் கடித்துக்கொள்வதையும் அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பதினாறு வருஷமாகப் பக்கத்தில் இருந்த முகத்தை ஒன்றரை முழத் தூரத்தில் வைத்துப் பார்க்கிறான். இப்படி ஒரு முகம் இருக்கிறது என்பது நேற்றுவரை வேறொருவனுக்குத்தான் தெரிந்திருந்தது. அது அவனுக்கு உறைத்ததை நான் பக்கத்திலிருந்தே பார்த்தேன். கை ஆட ஆரம்பித்தது.

"மூச்சு விடாதீங்க."

விடவில்லை. ஷட்டர் திறந்து மூடியது. அவள் படத்தைப் பெரிதாக்கித் திரையை அவன் பக்கம் திருப்பினாள். பல்லுக்கு இரண்டு விளிம்பு. அடுத்த படம், அதற்கடுத்த படம், எல்லாமே அப்படித்தான். பதினொன்றாவது படத்தில் மெழுகு விட்டு, பல் மேஜையில் விழுந்து, உருண்டு, தரைக்குப் போனது. மூன்று பேரும் மண்டியிட்டுத் தேடினோம். கோட்டு மாட்டியிருந்த ஆணிக்குக் கீழே கிடந்தது. நல்லவேளை, உடையவில்லை. அவள் அதைச் சேலை முந்தானையில் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, டப்பாவில் வைத்தாள்.

"அவரக் கூப்பிட்டுட்டு வாங்க" என்றாள்.

"மச்சான் உக்காரட்டுமே. நாள் பூரா இடுக்கி பிடிக்கிற கை."

"அண்ணன ஏன் இழுக்கறீங்க? செஞ்சவருக்குத்தான் தெரியும், எந்த எடத்துல ஒளி நிக்கணும்னு."

"இத்தன நாள் அவன் இல்லாமத்தான் இந்த ஸ்டுடியோ நடந்துச்சு."

அவள் கேமராவை விட்டு எழுந்தாள். சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் அவன் தப்பித்திருப்பான்.

"இந்த நீள லென்ஸ நான் கேட்டேனா? எந்த லென்ஸு வேணும்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? அண்ணன் கடையில அந்தச் சின்னது இருக்கறது எனக்குத் தெரியும். அதக் கொடுத்திருந்தா ஒரு கையால பிடிச்சு ஒரு கையால எடுத்திருப்பேன். ஒருத்தர் வேண்டியதில்ல. அவரக் கொண்டுவந்து எனக்கு எதிர்ல உக்கார வெச்சது நீங்கதான், அளந்து பாத்து."

எனக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது.

"டேப்பு விஷயம் உனக்கு யாரு சொன்னது?"

"ஜன்னலு ரெண்டு பக்கமும் திறந்துதான் இருக்கு."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் விடவில்லை. "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. பதினாறு வருஷத்துல நான் சொல்லி இந்த வீட்ல ஒருத்தரும் ஒரு நிமிஷம் மூச்ச நிறுத்தினதில்ல. அவர் நிறுத்துறார். அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல. நாளைக்குக் காலையில படம் போகணும். நீங்க போய்க் கூப்பிடறீங்களா, நான் போகட்டுமா?"

அவன் போனான்.

நான் என் கடைக்குத் திரும்பி வாசலில் நின்றேன். மழை கொட்டியது. நாலு கடை தள்ளி அவன் பட்டறைப் படியேறுவது தெரிந்தது. இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். பல்காரர் இரண்டு கையாலும் ஒரு தட்டைப் பிடித்திருந்தார். மாற்றுப் பற்கள், மெழுகு, தூரிகை எல்லாம் அதில் இருந்திருக்க வேண்டும். ஒரே குடைதான். மாப்ள அதைப் பல்காரர் தலைக்கும் தட்டுக்கும் மேலாகப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடியே நடந்து வந்தான். பல்காரர் என்னவோ சொன்னார். "பரவாயில்லங்க, நீங்க பாத்து வாங்க" என்று இவன் சொன்னது கேட்டது. ஒரு தடவைகூடக் குடை தன் பக்கம் சாயவில்லை. அந்த நேரத்தில் அவன் கை ஆடவே இல்லை.

படங்கள் வெள்ளிக்கிழமை போயின. அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தது. பல்காரருக்கு வேலை கிடைத்தது. இனிமேல் செய்கிற ஒவ்வொரு பல்லையும் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். அப்படியென்றால் வாரத்தில் மூன்று நாள் அவளுக்கும் வேலை.

புது வேலை தொடங்கிய அன்றைக்கே மாப்ள வந்தான். மழை விட்டிருந்தது. சந்தில் தேங்கிய தண்ணீரைத் தாண்டி வந்து, என் கவுண்டரில் இஞ்ச் டேப்பை வைத்தான். எதற்கு வைத்தான் என்று தெரியவில்லை. இனி வேண்டாம் என்றுதான் இருக்கும்.

"மச்சான், அந்தச் சின்னது இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"நீளத்த எடுத்துக்கிட்டு அதக் குடு. நான் செஞ்சது தப்பு. அவளே தனியா எடுக்கட்டும். அவ ஆசப்பட்டதே அதத்தானே."

நான் அலமாரியிலிருந்து அறுபதை எடுத்தேன். இந்தத் தடவையாவது நியாயமாக நடந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். முன்பக்கம், பின்பக்கம் துடைத்து அவன் கையில் கொடுத்தேன். அவன் அதை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிக் காட்டினான். அவ்வளவு ஆசையாக அவன் எதையும் தூக்கிக் காட்டி நான் பார்த்ததில்லை.

"ஏம்மா, இதானே நீ கேட்டது?"

அவள் கேமராவுக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்தாள். அவனைப் பார்த்தாள், அவன் கையில் இருந்ததைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப கேட்டிருப்பேன்" என்றாள். "இப்ப வேணாம். எனக்கு இது பழகிடுச்சு. அண்ணே, அத உள்ள வெச்சிடுங்க."

மறுபடி குனிந்துகொண்டாள். மேஜையின் மறுமுனை ஜன்னலில் தெரியாது. குச்சியைப் பிடித்த இரண்டு விரல் மட்டும்தான் தெரியும்.

மாப்ள லென்ஸைத் திருப்பித் தரவும் இல்லை, எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. கையை நீட்டியபடியே நின்றான். நான் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன்.

"ஒரு நூல் உங்க பக்கம்" என்று ஜன்னலில் அவள் குரல் கேட்டது. "ம். அங்கயே. மூச்சு விடாதீங்க."

என் கை அவன் கையில் பட்டது. மாப்ள மூச்சை நிறுத்திக்கொண்டிருந்தான்.